சேற்றில் நிற்கும் முதியவருக்கு டப்பாத் தூள் காப்பாகுமா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், படப்பையிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலையின் இருபுறமும், தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவே இன்னும் ஏரிப்பாசன நிலங்கள் இருக்கின்றன. சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று பட்டங்களிலும் நெல் விளைந்த பூமி இது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2006ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் செல்பேசித் தொழிற்சாலை வந்தது. 2014ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. 2010ஆம் ஆண்டில் ஒரகடத்தில் மற்றொரு கார் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. ஆலைகள் வந்தன, சில போயின, வேறு சில அந்த இடத்துக்கு வந்தன. ஆனால் ஷிப்டு வேலைக்குப் போன பிள்ளைகள் மட்டும் வயலுக்குத் திரும்பவில்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஊர் முனையில் வந்து நிற்கிறது. மகனும் மருமகளும் அதில் ஏறிப் போகிறார்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடப்பவர் அறுபது வயதைக் கடந்த தகப்பனார்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் நெல்லை நம்பி இந்தக் காலத்தில் ஒரு குடும்பம் நடக்காது. ஆனால் இதன் விளைவு ஒன்றை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. முன்பு இருபது வயதுக்காரனும் நாற்பது வயதுக்காரனும் பகிர்ந்து செய்த வேலையை இன்று அறுபது வயதுக்காரர் தனியாகச் செய்கிறார். அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது, உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் வரப்பு கழிப்பதும், மடை திருப்புவதும், நாற்றுக்கட்டு சுமப்பதும், 45 கிலோ யூரியா மூட்டையைத் தோளில் ஏற்றிச் சேற்றுக்குள் இறங்குவதும், பதினாறு லிட்டர் விசைத்தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு வயலைச் சுற்றி வருவதும் மனித உடம்பு செய்யவேண்டிய வேலைகளாகவே இருக்கின்றன. நடவுக்கும் களைக்கும் ஆள் கிடைக்காததால், வீட்டிலுள்ள வயதான பெண்களே குனிந்து நிற்கிறார்கள்.

இந்த முதியவர்களை ஒரு வியாபாரம் கண்டுபிடித்துவிட்டது. மூட்டு வலி, அசதி, தூக்கமின்மை ஆகிய அனைத்துக்கும் ஒரே டப்பாவில் மூலிகைத் தூள். ‘முதுமையைத் தள்ளிப்போடும்’, ‘நரம்புக்கு வலுவூட்டும்’ என்ற வாசகங்களோடு அது வருகிறது. சம்பள நாளன்று மகனே அன்போடு வாங்கி வந்து கொடுக்கிறான். பெரும்பாலும் ஒரு டப்பாவின் விலை யூரியா மூட்டையின் விலையைத் தாண்டிவிடுகிறது. இந்தத் தூளில் உண்மை எவ்வளவு, புளுகு எவ்வளவு என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் அந்த டப்பாவுக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் செடிகளில் பலவும் புளுகல்ல. அவற்றைப் பற்றிச் சொல்லப்படுவதில்தான் புளுகு அதிகம்.

உடம்புக்குள் நடப்பது

கடினமாக உழைக்கும்போது தசைகளுக்கு ஆக்சிஜன் மிகுதியாகத் தேவைப்படுகிறது. உணவை எரித்துச் சக்தியாக்கும் அந்த வேலையில், அடுப்பில் எழும் பொறியைப் போல, ஆக்சிஜனின் ஒரு சிறு பகுதி கட்டுத்தறி அவிழ்ந்த மாடாகச் சுற்றி, பக்கத்திலுள்ள எதையும் தாக்கும் நிலையை அடைகிறது. உயிரணுவின் மெல்லிய கொழுப்புச் சவ்வை அது தாக்கும்போது, பழைய கடலை எண்ணெய் காறிப்போவதைப் போன்ற ஒரு மாற்றம் அங்கே நிகழ்கிறது. இது உவமைக்காகச் சொல்லப்படுவதன்று. எண்ணெய் காறுவதும் உடம்பின் கொழுப்பு இவ்வாறு கெடுவதும் ஏறத்தாழ ஒரே இரசாயன மாற்றம்தான். இந்தச் சேதம் ஆண்டுக்கணக்கில் சேர்வதே முதுமைக்குக் காரணம் என்று 1956ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் ஒரு கருத்தை வெளியிட்டார். முதுமையின் முழுக் காரணமும் இதுவே என்பதை இன்று பலர் ஏற்பதில்லை. ஆனால் சேதம் நிகழ்கிறது என்பதில் ஐயமில்லை.

உடம்பு இதற்குச் சும்மா இருந்துவிடுவதில்லை. அவிழ்ந்த மாட்டைப் பிடித்துக் கட்டுவதற்கென்றே அதனிடம் நொதிகள் உள்ளன. அவற்றுள் முக்கியமான ஒன்றை 1969ஆம் ஆண்டில் மக்கார்ட், பிரிடோவிச் என்ற இருவர் கண்டறிந்தனர். தினமும் அளவாக உழைப்பவரின் உடம்பில் இந்தக் காவல் வலுவாகவே இருக்கும். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைவிட உழவருக்கு இந்த வகையில் ஒரு சாதகம் உண்டு. வயது ஏற ஏற இந்தக் காவலின் சுறுசுறுப்பு குறைகிறது. கிழிந்த தசைநார் ஒட்டும் வேகமும் குறைகிறது. இருபத்தைந்து வயதில் ஒரே இரவில் தீர்ந்த அசதி அறுபதில் மூன்று நாள் நிற்பதன் காரணம் இதுதான். அந்த மூன்று நாள் முடியுமுன் அடுத்த வேலை வந்துவிட்டால், பழைய சேதத்தின்மேல் புதிய சேதம் ஏறுகிறது.

இன்னொன்றும் உண்டு. உடம்புக்கு எந்த வகையில் நெருக்கடி வந்தாலும் சிறுநீரகத்தின்மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து கார்ட்டிசால் என்ற சாறு மிகுதியாகச் சுரக்கிறது. இது ஆபத்துக்கு உதவும் சாறு. ஆனால் நாள்கணக்கில் மிகுந்திருந்தால் தசையிலுள்ள புரதத்தைக் கரைக்கும், எலும்பைப் பலவீனப்படுத்தும், தூக்கத்தைக் கெடுக்கும். வெயில், பசி, தாகம், கடன் கவலை ஆகிய நான்கும் சேர்ந்து வரும் சொர்ணவாரி நடவுக் காலத்தில், கத்திரி வெயிலில் நிற்கும் முதியவரின் உடம்பில் இந்தச் சாறு எவ்வளவு ஓடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

செடிகளின் பங்கு இங்கேதான் வருகிறது. செடியும் வெயிலில் நிற்கிறது. அதனால் நிழலுக்கு ஓடமுடியாது. எனவே வெயிலையும் வறட்சியையும் பூச்சியையும் தாங்குவதற்கென்று தன் இலையிலும் பட்டையிலும் வேரிலும் பலவித இரசாயனங்களை அது தயாரித்து வைத்துக்கொள்கிறது. நெல்லிக்காயின் துவர்ப்பும், மஞ்சளின் நிறமும், கறிவேப்பிலையின் மணமும் அந்த வகையைச் சேர்ந்தவையே. அவற்றை உண்ணும் மனிதனுக்கும் அவற்றால் ஓரளவு நன்மை உண்டு என்பதே இந்த ஆராய்ச்சிகள் அனைத்தின் அடிப்படை.

கொஞ்சம் நல்லதென்றால் நிறைய நல்லதா?

இந்த இடத்தில்தான் உலகம் ஒரு தவறு செய்தது. கீரையும் பழமும் உண்பவர்களுக்கு நோய் குறைவு. அவற்றில் இன்ன சத்து இருக்கிறது. ஆகவே அந்தச் சத்தை மட்டும் பிரித்து மாத்திரையாக்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது என்று எண்ணினார்கள். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் பழக்கமுள்ள, 50 முதல் 69 வயதுள்ள 29,000க்கு மேற்பட்ட ஆண்களிடம் இதைச் சோதித்தார்கள். காரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்தை மாத்திரையாக ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். 1994ஆம் ஆண்டில் முடிவு வெளியானபோது உலகமே திகைத்தது. மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு வீதம் கூடியிருந்தது.

2009ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெளிவந்த மற்றோர் ஆய்வு உழைப்பாளிகளுக்கு இன்னும் நெருக்கமானது. உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பாதிப் பேருக்குத் தினமும் ஆயிரம் மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையும், அத்துடன் வைட்டமின் இ மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை உண்ணாதவர்களுக்குப் பயிற்சியால் கிடைத்த நன்மை, உண்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. உழைப்பினால் எழும் அந்தச் சிறு பொறியே உடம்பின் காவலை எழுப்பும் அழைப்பு என்பதும், மாத்திரை அந்த அழைப்பையே அடக்கிவிட்டது என்பதும் அதிலிருந்து தெரிந்தது. தழைச்சத்து பயிருக்குத் தேவை என்பதற்காக யூரியாவைக் கொட்டினால் பயிர் கொழுத்துச் சாய்வதையும், பூச்சி வந்து குவிவதையும் பார்த்த விவசாயிக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆகவே டப்பாக்காரர் ‘இதில் நூறு நெல்லிக்காயின் சத்து அடங்கியிருக்கிறது’ என்று சொன்னால் அது பெருமையன்று, அஞ்சவேண்டிய செய்தி.

அமுக்கராவைப் பற்றி

டப்பாக்களில் அதிகம் பேசப்படுவது அமுக்கராக் கிழங்கு. வடநாட்டில் அசுவகந்தா என்பார்கள். சித்த மருத்துவத்தில் இது நெடுங்காலமாக வழங்கி வருவது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சிறுநாகப்பூ, சர்க்கரை ஆகியவற்றோடு சேர்ந்த அமுக்கராச் சூரணம் அரசு சித்த மருத்துவப் பிரிவுகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து.

இதற்கு மதிப்பில்லை என்று சொல்வதற்கில்லை. 2012ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் மன அழுத்தமுள்ள 64 பேரிடம் அறுபது நாள் நடந்த சோதனையில், அமுக்கராச் சாரம் உண்டவர்களின் இரத்தத்தில் கார்ட்டிசால் அளவு நூற்றுக்கு இருபத்தெட்டு வீதம் அளவுக்குக் குறைந்தது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், எடை தூக்கும் பயிற்சி செய்த 57 ஆண்கள் எட்டு வாரம் இதை உண்டார்கள். உண்டவர்களுக்குப் பலம் கூடியதோடு, தசை கிழியும்போது இரத்தத்தில் கசியும் நொதியின் அளவும் குறைவாக இருந்தது. 2020ஆம் ஆண்டில் 65 முதல் 80 வயதுக்குட்பட்ட 50 பேரிடம் பன்னிரண்டு வாரம் சோதித்ததில் தூக்கமும் சுறுசுறுப்பும் மேம்பட்டதாகத் தெரிந்தது.

இவையெல்லாம் நல்ல செய்திகள்தான். ஆனால் ஐம்பது பேர், அறுபது பேர், இரண்டு மூன்று மாதம் என்ற அளவில் நடந்தவை. கத்திரி வெயிலில் சேற்றில் நிற்கும் முதியவருக்கு, பத்தாண்டு உண்டால் என்ன ஆகும் என்பதை இவை சொல்லவில்லை. ஒரு கழனியில் ஒரு போகம் நன்றாக விளைந்த விதையை மாவட்டம் முழுவதற்கும் யாரும் சிபாரிசு செய்வதில்லை அல்லவா? அதே நிதானம் இங்கும் தேவை.

மறுபக்கமும் உண்டு. அமுக்கரா கலந்த பொருள்களை உண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் மஞ்சட்காமாலையும் கண்டதாக 2020ஆம் ஆண்டில் ஐஸ்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மருத்துவர்கள் எழுதினார்கள். 2023ஆம் ஆண்டில் டென்மார்க் அரசு இதற்குத் தடையே விதித்தது. கிழங்குக்குப் பதிலாக மலிவான இலையை அரைத்துக் கலக்கும் பழக்கம் பரவியதால், இலையைப் பயன்படுத்தவேண்டாம் என்று இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் 2021ஆம் ஆண்டில் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்த நேர்ந்தது. தைராய்டு மாத்திரை, சர்க்கரை மாத்திரை, தூக்க மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. கருவுற்ற பெண்களுக்கு இது ஆகாது.

அமுக்கரா தேவைப்பட்டால் அதற்கு உரிய இடங்கள் அருகிலேயே இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்த மருத்துவர்கள் உள்ளனர். ஒரகடத்திலிருந்து ஒரு பஸ் பயணத் தொலைவில், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. நாடி பார்த்து, மற்ற மாத்திரைகளையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, இத்தனை நாள் என்று அளவிட்டுக் கொடுக்கும் மருத்துவர் இருக்கும்போது, பெயர் தெரியாத டப்பாவை நம்புவது எதற்கு? மூட்டு வலிக்கென்று விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்திருப்பதை மருத்துவர்கள் பலமுறை கண்டுள்ளனர். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுவதே நல்லது.

இடையில் ஒரு வார்த்தை. டப்பாவின் விலையைப் பார்த்துவிட்டு, அமுக்கராவைப் பயிரிட்டால் என்ன என்ற எண்ணமும் சிலருக்கு வரும். மத்தியப்பிரதேசத்தில் நீமச், மந்த்சோர் பகுதிகளில் இது பெரும் பயிர். அங்கே இதற்கென்று சந்தையும் உண்டு. மணற்பாங்கான, வடிகால் உள்ள மண்ணும், குறைந்த மழையும் இதற்கு வேண்டும். ஐந்து ஆறு மாதப் பயிர்; கிழங்கு முற்றும் பருவத்தில் வறண்டிருக்கவேண்டும். ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் பாயும் இந்த வட்டாரத்தின் களிப்பு நன்செயில் இதைப் போட்டால் வேர் அழுகும். மேட்டுப்பாங்கான செம்மண் புன்செய் வைத்திருப்பவர்கூட, வாங்குபவரிடம் எழுத்து மூலம் விலை பேசாமல் இறங்கக்கூடாது. மூலிகைப் பயிர் மோகத்தில் பணம் இழந்தவர்கள் தமிழ்நாட்டில் குறைவல்ல.

கொல்லையில் இருப்பது போதாதா?

டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில் நூறில் ஒரு பங்கு செலவில், அதைவிடப் பத்திரமான காப்பு வீட்டுக் கொல்லையிலேயே வளரும். முருங்கையை முதலில் சொல்லவேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி நூறு கிராம் முருங்கைக் கீரையில் 440 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் 220 மில்லிகிராம் வைட்டமின் சி சத்தும் உண்டு. 2017ஆம் ஆண்டின் புதிய அட்டவணையில் இந்த அளவுகள் குறைந்திருக்கின்றன. சுண்ணாம்பு சுமார் 310, வைட்டமின் சி நூறுக்குச் சற்று மேல். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் சந்தையில் விற்கும் பல கீரைகளுக்கு இது சளைத்ததல்ல. எலும்பு தேயும் வயதுக்காரருக்கு இதைவிட மலிவான பொருள் கிடைக்காது. நெல்லிக்காயிலும் அவ்வாறே, பழைய கணக்கு 600 மில்லிகிராம், புதிய கணக்கு 250 அளவில். ஆரஞ்சுப் பழத்தில் இதன் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு நெல்லிக்காய் ஒரு நாளைக்குத் தாராளம்.

கீரையை நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரை வடித்துக் கொட்டினால் வைட்டமின் சி போய்விடும். ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கி, மூடி வேகவைத்து இறக்கவேண்டும். கீரையிலுள்ள நிறச்சத்து எண்ணெய் இருந்தால்தான் உடம்பில் சேரும். நிழலில் உலர்த்திய முருங்கை இலைப்பொடியில் வைட்டமின் சி பெரும்பகுதி போய்விட்டாலும் சுண்ணாம்பும் புரதமும் நிற்கும். ஆகவே மழைக்காலத்துக்கு அது உதவும். வெயிலில் காயவைத்துப் பச்சை நிறம் போன இலையில் என்ன இருக்கப் போகிறது?

மஞ்சளைப் பற்றியும் பெரிதாகப் பேசுகிறார்கள். மஞ்சளின் நிறப்பொருள் தனியாக உண்டால் உடம்பில் மிகக் குறைவாகவே சேர்கிறது. மிளகின் காரப்பொருளோடு சேர்த்து உண்டால் இருபது மடங்கு சேர்கிறது என்று 1998ஆம் ஆண்டில் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் கண்டார்கள். மிளகு ரசத்தில் மஞ்சள் போட்டுவந்த பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் கைப்பழக்கம் சரியாகவே இருந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்லவேண்டியது புரதம். இதை எந்த டப்பா விளம்பரமும் உழவருக்குச் சொல்வதில்லை. கிழிந்த தசை திரும்பக் கட்டப்படுவது புரதத்தால்தான். மூலிகை மேஸ்திரி என்றால் புரதம் செங்கல். 55 கிலோ எடையுள்ள ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு 55 கிராம் புரதமாவது வேண்டும். முந்நூறு கிராம் அரிசியைச் சமைத்து உண்டால் அதில் கிடைப்பது இருபத்தைந்து கிராமுக்குள். பாக்கி எங்கிருந்து வரும்? நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் இருக்கிறது; நூறு கிராம் வேர்க்கடலையில் 25 கிராம்; ஒரு முட்டையில் ஆறு கிராம். காலையில் நீராகாரம், பகலில் சோறும் குழம்பும், இரவில் மீண்டும் சோறு என்று வாழும் முதியவர் எத்தனை டப்பா அமுக்கரா உண்டாலும் செங்கல் இல்லாத சுவர் எழும்பாது. வீட்டிலுள்ள மூதாட்டியின் நிலை இதைவிட மோசம். எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதே அவள் பங்கு. நடவிலும் களையிலும் அதிகம் குனிவது அவள்தான் என்பதை வீட்டிலுள்ளவர்கள் கவனிக்கவேண்டும்.

சில எச்சரிக்கைகளும் தேவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரையையும் பருப்பையும் மருத்துவர் சொன்ன அளவிலேயே உண்ணவேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. இந்த வட்டாரத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈரத்தில் தானாக முளைப்பவை. மண்ணிலும் நீரிலும் உள்ள உலோக நஞ்சையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. கழிவுநீர் ஓடும் கால்வாயிலும், லாரிகள் ஓயாத சாலையோரத்திலும் முளைத்த கீரையைப் பறித்து உண்பது, காப்புத் தேடிப்போய் நஞ்சை வாங்குவதாகும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற இந்திய மூலிகை மருந்துகள் 70 வகைகளைச் சோதித்ததில் 14 வகைகளில் ஈயம், பாதரசம் போன்றவை இருந்ததாக 2004ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு சொன்னது. கிணற்று நீர் பாயும் சொந்தக் கொல்லையில் இரண்டு பாத்தி போட்டால் இந்தக் கவலை குறையும்.

மகனுக்கு உண்டு, தகப்பனாருக்கு இல்லை

செடியால் முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மூலிகையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. தண்ணீரும் நிழலும் ஓய்வும் இல்லாத உடம்பை எந்த இலையும் வேரும் காப்பாற்றாது. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகரகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இல்லாமலேயே சிறுநீரகம் பழுதாகி ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். வெயிலில் நீரின்றி ஓயாமல் உழைத்தது ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்தபோது, பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதையும், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருப்பதையும் கண்டார்கள். இந்த நிலையில் உடம்பு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு நேர் எதிரி. மாலையில் இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாள் மீண்டும் வெயிலில் இறங்கும் பழக்கம், டப்பாத் தூளைவிடப் பெரிய ஆபத்து.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒன்றைத் தெளிவாக வகுத்தது. ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது. அரைமணி ஓய்வு தரவேண்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவுக்கூடமும், கோடையில் குளிர்ந்த குடிநீரும் இருக்கவேண்டும். 2025ஆம் ஆண்டு நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஓய்வு, குடிநீர், உணவுக்கூடம் என்ற கடமைகள் அதிலும் உண்டு. கம்பெனியில் மகனுக்கு இத்தனையும் இருக்க, சுவருக்கு இந்தப் பக்கம், சொந்த வயலில் நிற்கும் தகப்பனாருக்கு எந்தச் சட்டமும் கிடையாது. தனக்குத் தானே முதலாளியான சிறு விவசாயி, உலகத்திலேயே மிகக் கடுமையான முதலாளியிடம் வேலை செய்கிறார்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் அறிவித்தது வரவேற்கத்தக்கது. வெயிலில் இறந்தவரின் குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்க அது வழிசெய்கிறது. இறந்தபின் தரும் தொகையோடு நில்லாமல், இறவாமலிருக்கச் சிறிது செலவிட்டால் என்ன? 2021ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் பகலில் வரும்போது முதியவர் கழனியில் இருக்கிறார். நடவு, களை எடுப்புக் காலங்களில் அவர்கள் மாலையில் ஏரிக்கரைக்கு வந்தால், சிறுநீரகச் சோதனைக்கு இரத்தமும் எடுத்துக்கொண்டால், அது பெரிய உபகாரம். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சித்த மருத்துவரும் மாதம் ஒருநாள் அவர்களோடு வந்து, வீட்டிலுள்ள டப்பாக்களை எடுத்துவரச் சொல்லிப் பார்க்கவேண்டும். வேளாண்மை இலாகா விதை, உரம், பூச்சிமருந்து பற்றிப் பேசும் கூட்டங்களில், பயிரிடுகிறவரின் உடம்பைப் பற்றியும் அரைமணி பேசினால் குறைந்துவிடாது.

விவசாயிகள் தாங்களே செய்துகொள்ளக்கூடியவையும் உண்டு. சித்திரை, வைகாசியில் காலை பத்தரைக்குள் கரையேறிவிட்டு மாலை நான்குக்குப் பிறகு இறங்குவது. ஒரு குடம் நீர், உப்புப் போட்ட நீர்மோர் இல்லாமல் வயலுக்குப் போகாமலிருப்பது. மூட்டையைப் பாதியாகப் பிரித்துச் சுமப்பது. மருந்தடிக்கும் வேலையை மகனின் விடுமுறை நாளுக்குத் தள்ளுவது. மூன்று நான்கு சிறு விவசாயிகள் சேர்ந்து விசைத்தெளிப்புக்கும் நடவு இயந்திரத்துக்கும் ஒரே நாளில் ஏற்பாடு செய்தால் கூலி குறையும். முதியவரின் முதுகும் பிழைக்கும்.

தொழிற்சாலைகளுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். சாலையோரத்தில் பூமரம் நடுவதும், பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசுவதும் தவறல்ல. அதோடு சுற்றியுள்ள ஊர்களில் ஒவ்வொரு விவசாயி வீட்டுக்கும் ஒட்டு நெல்லிக் கன்று ஒன்றும், முருங்கை இரண்டும், கறிவேப்பிலை ஒன்றும் கொடுத்தால், தங்கள் ஆலையில் வேலை செய்யும் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு அது நேரே போய்ச் சேரும். ஊராட்சி மன்றங்கள் தீர்மானம் போட்டு இதைக் கேட்கலாம். முருங்கைப் போத்தை ஆடி ஆவணியில், நீர் தேங்காத மேட்டில் மண் அணைத்து நட்டால் ஐப்பசி மழைக்குமுன் வேர் பிடித்துக்கொள்ளும். விதையில் வரும் பெரியகுளம் 1 இரகமானால் ஆறே மாதத்தில் காய்க்குத் தயாராகிவிடும். கீரைக்கு அத்தனை நாள்கூடக் காத்திருக்கவேண்டியதில்லை.